மீனில்லாத கூறல்

கடல் தெரியும் தூரத்தில் இருந்துகொண்டு, கடற்கரைக்குப் போகாதே என்று என் தம்பியிடம் யார் சொல்வது? ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ சொன்னது. தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொரோனா ஊரடங்கைச் சொல்லிக்கொண்டு போனது. அவனுக்குக் கேட்காமல் இல்லை. எல்லாமே அவனுக்கு எங்களைவிட உரக்கத்தான் கேட்கும். காதைப் பொத்தியபடி, காலில் செருப்போடு, வாசல் படலையடியில் நின்றான்.

நாற்பதை நெருங்கும் மனிதன். ஓட்டிசம் என்ற சொல் அவனுக்கு மீசை அரும்பிய பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே அவன் தன் வாழ்வைத் தானே ஒழுங்குபண்ணி வைத்திருந்தான். விடிந்தால் பருத்தித்துறைக் கரை, மீன் கூறும் இடம். ஏலம் போடுவதை நாங்கள் கூறுவது என்போம். கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டு போவார். இவன் பக்கத்தில் நிற்பான்; வாங்கமாட்டான், தொடமாட்டான். கடைசி விலை விழுந்ததும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்வான். அவன் சொல்லாமல் யாரும் மீனைத் தூக்குவதில்லை. கரை அவனுக்குக் கொடுத்த இடம் அது. எந்தப் படிவத்திலும் கேட்டு வாங்கியதல்ல.

கரை மூடியது. முதலில் சாப்பாடு போனது, பிறகு நித்திரை. பிறகு சுவரில் நெற்றியை இடிக்கத் தொடங்கினான். இடையில் என் கையை வைத்தேன். கை வீங்கியது. சுவர் அப்படியே இருந்தது.

கிளினிக்குக்கு ரெலிபோன் எடுத்தேன். "மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்கோ. நிலைமை சீரானாப் பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ."

கனடாவிலிருந்து பெரியண்ணை எடுத்தார். "உவனை அறைக்குள்ள விட்டுப் பூட்டு. கொஞ்ச நாளைக்குத்தானே."

"நீங்கள் பூட்டிக்கொண்டு இருங்கோ அண்ணை. எங்கடை வீட்டிலை பூட்டு இல்லை."

உலகமே வீட்டுக்குள் இருக்கமுடியாமல் அழுத காலம் அது. கேக் சுட்டு, பாட்டுப் பாடிப் படம் போட்டு, மனம் சோர்ந்துபோகுது என்று ஆளுக்காள் கதைத்த காலம். அவர்களுக்கெல்லாம் மனம். என் தம்பிக்கு மட்டும் மருந்தா?

மறுநாள் விடிய முற்றத்தில் சாக்கை விரித்தேன். தேங்காய்ச் சிரட்டைகளைக் குவித்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த தொண்டையால் கூறினேன். "பாரை மீன்! நல்ல பாரை!"

உள்ளேயிருந்து வந்து குவியலைப் பார்த்தான். "பாரை இல்லை. சிரட்டை."

"சரி ஐயா, சிரட்டை! இருநூறு, இருநூற்றைம்பது..." நானே கேட்டேன், நானே ஏற்றினேன். என் பக்கத்தில் வந்து நின்றான். விலை விழுந்தது. திருப்பிச் சொன்னான். அன்றைக்குப் புட்டுச் சாப்பிட்டான்.

பிறகு ஒவ்வொரு விடியலும் கூறினேன். எனக்கு மறந்துபோனது ஒன்றுதான்: எங்கள் ஒழுங்கைக்கு அந்தச் சத்தம் என்றால் மீன்.

"பிள்ளை, எங்களுக்குத் தெரியாமலோ விக்கிறாய்?" பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பையை நீட்டினா. "அரைக்கிலோ சூடை எண்டாலும் தா. பூனைகூட எங்களோடை கோவம்."

"சிரட்டை மாமி."

"உந்தக் கதையை வேறை ஆருக்காவது சொல்லு."

அடுத்த விடியல் படலையடியில் பைகளோடு ஒரு கூட்டம். யாரோ பொலிஸுக்கு அறிவித்திருக்க வேண்டும். கூறல் பாதியில் இருக்கும்போதே பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, இறங்கியவர் குவியலைத் தடியால் கிண்டினார்.

"மீன் எங்கை?"

கூட்டம் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. விழாத விலை அந்தரத்தில் தொங்க, அவன் நெற்றியில் கைமுட்டியால் குத்தத் தொடங்கினான். வேகமாக. இன்னும் வேகமாக.

"இதை உடனை நிப்பாட்டுங்கோ!" என்றார் பொலிஸ்காரர்.

"நிப்பாட்டினதாலைதான் அவர் இப்பிடிக் குத்துறார்."

கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் வீட்டை போங்கோ! உங்கடை உங்கடை வேலிக்குள்ளை நிண்டு கேளுங்கோ." முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

"நாளைக்கும் செய்தா வழக்குப் போடுவன்."

"நாளைக்கும் செய்வன். நாளையிண்டைக்கும் செய்வன். இப்பவே எழுதிக்கொண்டு போங்கோ."

நான் சிரட்டையைத் தூக்கிப் பிடித்தேன். "இருநூற்றைம்பது!"

வேலிக்கு அப்பால் மாமியின் குரல். "முந்நூறு! காசு தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"முந்நூற்றைம்பது!" எதிர் வளவு வீட்டிலிருந்து ஒரு குரல்.

"விடு, அது என்ரை சிரட்டை! நானூறு!" மறுபடி மாமி.

தம்பியின் கைமுட்டி நெற்றிக்குக் கிட்ட நின்றது. இறங்கவில்லை. உறுமலுக்குள் விலையைத் தேடிக்கொண்டிருந்தான். நான் பொலிஸ்காரரிடம் திரும்பினேன்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ. அவருக்குக் கேக்கேல்லை."