லென்ஸ்காரரின் முறை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர் அவர். லென்ஸ்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நாற்பது தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். வாய் திக்கும். முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும், எவ்வளவு தள்ளினாலும் நகராது. எதிரில் இருப்பவர்களுக்கோ பொறுமை கிடையாது. அவர் "த..." என்றால் "தண்ணியா? தபாலா? தலைவலியா?" என்று ஏலம் போடுவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், யார் இல்லை என்றது? ஆனால் காலம் பூராவும் அடுத்தவர் வாயால் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும்.

வீட்டில் அந்த வேலையை அம்மா செய்தார். "அவன் என்ன சொல்ல வர்றான்னா..." என்று ஆரம்பித்து, பெரும்பாலும் சரியாகவே முடித்துவிடுவார். அண்ணனும் அக்காவும் தம்பி பேசிக் கேட்டதைவிட அவருக்காக அம்மா பேசிக் கேட்டதுதான் அதிகம்.

இப்படிப்பட்டவர் சனிக்கிழமை மதியங்களில் மருந்துக்கடைக்காரம்மா வீட்டுக்கு விளையாடப் போக ஆரம்பித்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு, ஆளுக்கொரு பாத்திரம். டிரைவிங் ஸ்கூல்காரர் வாள்வீரன், அவர் மனைவி திருடி, லென்ஸ்காரர் மந்திரவாதி. கதையை நடத்துவது மருந்துக்கடைக்காரம்மா. குகை, பூதம், கொள்ளைக்கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பூத விளையாட்டா?" என்று அக்கா சிரித்தார். சிரிக்கட்டும்.

சாதாரண நேரத்தில் அங்கேயும் யார் வேண்டுமானாலும் பேசலாம். கதைக்குள் சண்டை வந்தால்தான் சட்டம். ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அவரவர் பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்டினால், அதிகம் வந்தவர் முதலில், அதற்குக் கீழே உள்ளவர் அடுத்து. பூதத்துக்கும் உருட்டுவார்கள். பெயர் எழுதிய துணிக் கிளிப்புகளை மருந்துக்கடைக்காரம்மா அந்த வரிசைப்படி ஓர் அட்டையில் மாட்டுவார். தன் முறையில் ஒருவர் கொஞ்சம் நகரலாம், ஒரு காரியம் செய்யலாம்: வெட்டலாம், மந்திரம் போடலாம். கடைசி ஆள் முடித்ததும் மறுபடி முதல் கிளிப். இப்படி ஒரு சுற்று கதைக்குள் ஆறே வினாடி. மேசையில் அரை மணி ஆகும். அதுவரை பூதம் ஓங்கிய கையோடு நிற்கும்.

முதல் நாள் லென்ஸ்காரரின் கிளிப் கடைசியில் தொங்கியது. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கிண்டலடித்தார். முறை வந்தது.

"க... க..."

"கல்லா? கத்தியா?"

மருந்துக்கடைக்காரம்மா ஒரு போடு போட்டார். "வாயை மூடுங்க. அது அவரோட முறை. அவர் முடிக்கிற வரைக்கும் இங்க எதுவும் நடக்காது."

டீ ஆறியது. யாரும் அசையவில்லை. "க... கதவைச் சாத்தறேன்" என்றார் லென்ஸ்காரர். அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனார், சந்தோஷத்தில்.

சில வருஷம் ஒரு சனிக்கிழமை விடாமல் போனார். ஆளே மாறினார். முன்பெல்லாம் மேசையைத் தட்டியோ, சட்டையைப் பிடித்து இழுத்தோ, சீட்டில் எழுதிக் காட்டியோ எப்படியாவது பேச்சுக்குள் புகுந்துவிடுவார். இப்போது காத்திருக்கப் பழகிவிட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அம்மாவுக்குக்கூடப் பெருமை.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னார்: "எனக்கு மிஷின் கிஷின் எதுவும் மாட்ட விடாதேப்பா. இந்தக் கட்டில்லயே போயிடறேன். பெரியவன் கேக்க மாட்டான். நீதான் சொல்லணும்." அவர் தலையாட்டினார்.

மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பிள்ளைகள் மூவரையும் டாக்டர் வெளியே அழைத்தார். "குழாய் போட்டு மிஷின்ல வைக்கலாம். இல்லேன்னா கஷ்டம் இல்லாம வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

"இதுல என்ன கேள்வி டாக்டர்? போடுங்க" என்றார் அண்ணன். "எப்படியாவது காப்பாத்துங்க" என்று அக்கா அழுதார். மூத்தவர் ஆயிற்று, அடுத்தவர் ஆயிற்று. லென்ஸ்காரர் நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தார். கையைத் தூக்கவில்லை, குறுக்கே போகவில்லை. டாக்டர் தன் பக்கம் திரும்புவார் என்று நின்றார். அட மனுஷா, அந்தச் சட்டையைப் பிடித்து ஓர் இழு இழுத்திருக்கக் கூடாதா! டாக்டர் "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார். பின்னாலேயே வந்த நர்ஸ் நீட்டிய தாளில் அண்ணன் கையெழுத்தும் போட்டாயிற்று.

"அ... அம்..."

அண்ணன் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுடா."

மறுநாள் உள்ளே விட்டார்கள். வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அம்மா கண்ணைத் திறந்து சின்ன மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெளியே ஓடி வந்து, டாக்டரிடம் சீட்டில் எழுதிக் கேட்டார், எடுத்துவிடலாமா என்று. "இப்ப எடுத்தா உடனே போயிடுவாங்க. அண்ணன்கிட்ட பேசிட்டு வாங்க" என்றார் டாக்டர். அம்மாவைச் சாகவிடு என்று அண்ணனிடம் எந்த வாயால் கேட்பது? சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா அந்தக் கட்டிலிலேயே, கட்டிய கையோடு போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மூவரும் அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா, "வீட்டுலயே போகணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களே, சின்னவன்கிட்ட சொல்லிட்டேன்னாங்களே" என்று அழுதுவிட்டுப் போனார்.

அண்ணன் புடவையைக் கீழே வைத்தார். "உன்கிட்ட சொன்னாங்களா?"

லென்ஸ்காரர் தலையாட்டினார்.

"அடப்பாவி. அங்கதானடா நின்னே? ஏன்டா சொல்லல?"

கேட்டுவிட்டு அண்ணன் பேசாமல் இருந்தார். அக்காவும் குறுக்கே வரவில்லை. இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"எ... என் மு... முறை வரும்னு இருந்தேண்ணே."

"என்ன முறைடா?" என்றார் அண்ணன்.