ஃபோர்மேன் எடுக்காத லீவு

பால் ஆலையின் குளிர்பதனப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்தவர் வேலையை விட்டுவிட்டார் என்பதை ஊரே நம்பினாலும் அவர் மனைவி நம்பத் தயாராக இல்லை. தையல் மிஷினிலிருந்து காலைக்கூட எடுக்காமல், "யாரு, நீங்களா? எதிர்வீட்டு மதில் சுவர் எழுந்து நடந்துச்சுன்னா நம்புவேன்" என்றாள். ஓய்வு பெற இன்னும் சில வருடம் பாக்கி. ஆலையில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் "போதும்" என்பார். அதற்கு மேல் துருவினால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடுவார். ஒரே நாளில் நாலு தடவை குளிக்கிற மனுஷரிடம் என்னத்தைக் கேட்பது!

அவளுக்கோ ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. தைக்க வந்த துணியில் மடிப்பு ஏன் விழுந்தது என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ரகம். நல்லவேளையாக, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. கடைசிப் பணத்தை வாங்க இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆலையிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அவள் இருந்ததிலேயே நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கணக்கு அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற அம்மாள். "வாங்க, வாங்க! உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இந்த மனுஷரை ஒருநாள்கூட வீட்ல தங்கவிடாத மகராசி யாருன்னு எங்களுக்குள்ள பேசிக்குவோம்" என்று சிரித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "இது சம்பள பாக்கி. இது அவர் எடுக்காத லீவுக்கான பணம்."

"லீவா? இவருக்குத்தான் லீவே தரமாட்டீங்களே?"

"நாங்களா? எடுங்க சார், எடுங்க சார்னு வருஷா வருஷம் கெஞ்சுவோம். விதிப்படி ஒரு அளவுக்கு மேல பணமாத் தர முடியாதும்மா. அந்த அளவு எப்பவோ நிரம்பிடுச்சு. அப்புறம் சேர்ந்ததெல்லாம் வீணாத்தான் போச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியை, ஏதோ அது ரிப்பேருக்கு வந்தது போல, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் பிரசவத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிடைக்கவில்லை. வீடு மாறியபோது கட்டிலின் ஒரு பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார், மறுபக்கத்தை இவள் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் ஆலை முதலாளிகளை வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள். பாவம், அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். அப்படியானால் இந்த மனுஷர் இத்தனை வருடமும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் ஓடினாரா? அந்த நினைப்பில் கையெழுத்தே கோணலாக விழுந்தது.

அவர் சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போனார். அந்த இடைவெளியில் அவள் துணை ஃபோர்மேனைப் பிடித்தாள். வாய் ஓயாததால் அவருக்கு ஆலையில் 'ரேடியோ' என்று பெயர்.

"அண்ணன் ஏன் விட்டாருன்னு எங்களுக்கே புரியலை அண்ணி. உங்க கண் ஆபரேஷனுக்கு முதல் தடவையா ரெண்டு நாள் லீவு எடுத்தாரே, திரும்பி வந்ததுல இருந்து ஆளே சரியில்லை."

"அந்த ரெண்டு நாள்ல இங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகலையே! பழைய கம்ப்ரஸர் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு, நாங்களே பார்த்துக்கிட்டோம். அதைச் சரிபண்ற வித்தை எங்களுக்கு எப்பவோ தெரியும் அண்ணி. அண்ணன் கை வச்சாத்தான் அவருக்குத் திருப்தி, அதனால தெரியாத மாதிரி அவரைக் கூப்பிடுவோம். அன்னைக்கு மட்டும், அண்ணிக்கு ஆபரேஷன், ஒருத்தனும் அவருக்கு போன் பண்ணக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்." பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமை ரேடியோவின் முகத்தில் வழிந்தது.

கண்ணில் கட்டோடு படுத்திருந்த அந்த இரண்டு நாளும், பக்கத்து நாற்காலியில் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. தன்னைப் பற்றிய கவலை என்று நினைத்து அப்போது உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போனாள். அட கடவுளே!

வீட்டுக்கு வந்ததும் அவள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னைப் பிடிக்காமத்தான் லீவு எடுக்கலையா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் பதறிப்போனார். "ஐயையோ, என்ன பேச்சு இது! நான் போகலைன்னா மெஷின் நின்னுடும்னு நினைச்சேன். அப்புறம் வயசாக ஆக, ஒருவேளை நிக்காதோன்னு பயம் வந்துடுச்சு. லீவு போட்டா அது தெரிஞ்சுபோயிடுமே." அவள் மடியிலிருந்த துண்டைப் பார்த்தபடி, "தெரிஞ்சுபோச்சு" என்றார்.

ஆலையில் தெரியாத மாதிரி நடித்த கம்ப்ரஸர் விஷயம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஆனால் கோபம் போகவில்லை, எப்படிப் போகும்? "எனக்கும் லீவு சேர்ந்திருக்கு. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"எப்ப வருவே?"

"லீவு முடிஞ்சதும்."

அக்கா வீட்டில் முதல் நாள் ராஜபோகம். இரண்டாம் நாள் அடுப்பை அணைத்தாரா, தைத்த துணியை வாங்க வந்தவர்களிடம் என்ன உளறினாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் அவளே போனை எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. சமைச்சேன், நல்லாவே வந்துச்சு."

"துணி வாங்க வந்தாங்களா?"

"எல்லாருக்கும் கொடுத்துட்டேன். காசும் வாங்கி வச்சிருக்கேன்."

"தண்ணி வந்துச்சா?"

"பிடிச்சு வச்சாச்சு."

நிம்மதியாக இருக்க வேண்டியவளுக்கு நெஞ்சு காலியாகிவிட்டது. ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக்கூடாதா? ஆஸ்பத்திரி நாற்காலியில் அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நன்றாகவே தெரிந்தது.

"எப்ப வரே?" என்றார் அவர்.

"ஏன், எதைக் காணோம்?"

"எதையும் காணோம்னு இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு." என்றார். "நீ வா."

இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். இவள் கொடியில் கிடந்த புடவையை உருவி, ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.