பாடிக்குப் போன பிளஸ் ஒயர்

2007-இல் நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்பு விவசாயியிடம் பழைய டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அதன் டைனமோ செத்துப்போனதும், அதற்குப் பதில் கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை நானே மாட்டுகிறேன் என்று வீம்பு பேசி, மாட்டிய நிமிடமே அதைப் புகையவிட்டேன். முதலாளி சிதம்பரத்திலிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். என் வேலை போகப்போகிறது என்று புரிந்துவிட்டது.

வந்தவர் என்னைவிடச் சின்னவர். இஸ்திரி போட்ட சட்டை. வண்டியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தார். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டார். மூன்று வருடத்தில் எனக்குப் போட்டதில்லை.

"பேட்டரியில எந்த ஒயருண்ணே வண்டி பாடிக்குப் போவுது?"

"மைனஸ்தான். எல்லா வண்டியிலயும் அதான?" என்றேன்.

"குனிஞ்சு பாருங்க."

பாடிக்குப் பிளஸ் ஒயர்தான் போயிருந்தது. பழைய வண்டிகள் சிலவற்றில் அப்படித்தான் வருமாம். அதைப் பார்க்காமல் மாட்டித்தான் எரித்திருக்கிறேன்.

"மூணு வருசமா இதும்மேல குந்திக்கினு என்னாத்தடா பாத்த?" என்று முதலாளி கத்தினார்.

"உடுங்க மொதலாளி, நானே இப்புடி ரெண்டு எரிச்சிருக்கேன்" என்றார் அவர்.

பேட்டரி ஒயர்களை மாற்றிப்போட்டு வேறு ஆல்டர்னேட்டரை மாட்டியதும் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. முதலாளி சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது.

மூன்று சுற்று சுற்றிப் பார்க்கிறவர் இரண்டு எரித்திருப்பாரா? எனக்காகச் சொன்ன பொய்யென்றுதான் நினைக்கிறேன். ஒயர் வேலையைப் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் முதலாளி முன்னால் இன்னொருவனுக்காக அப்படிச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அவர்மேல் பொறாமை அதில்தான்.