மாப்பிள்ளையின் தேவனுக்கு உடம்பு உண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் என் மகளுக்கு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால் இரண்டும் நடுங்கின.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஐயர் சத்தமாக வாசிப்பார். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்பார். இதற்குத்தான் ஓலை என்று பெயர். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து போடியில் ஒருவர்கூட எழுந்ததில்லை.

அன்றைக்குத் தடை அறிந்தவன் ஒருவன் அங்கே இருந்தான். பெண்ணைப் பெற்றவன். நான்தான்.

போன வாரம் இதே பத்திரிகையில் சர்க்கரை ரேஷனைப் பற்றித் திட்டி எழுதினேன். அதற்கு முந்தின வாரம் பஸ்காரர்களை. அதையெல்லாம் எழுத எனக்குப் பயமே கிடையாது. இதை எழுதப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பெயர் சாலமோன். தேனியில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். யுத்த காலத்தில் அஸ்ஸாமில் பட்டாள லாரிகளுக்கு ரிப்பேர் பார்த்தவன். நல்ல உழைப்பாளி, பொய் பேசாதவன் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஓலைக்குக் கொடுத்த பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். என் அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. டீ போடட்டுமா என்றாள். அதுவும் வேண்டாமாம். வெந்நீர் கொடுங்கள் என்றான்.

போடியில் வந்து காபி வேண்டாம் என்பவனை என்னவென்று நினைப்பது? அவன் போனதும் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"வகுத்துல புண்ணு. இல்லாட்டி நெஞ்சுல சீக்கு. பட்டாளத்துல இருந்து கொண்டாந்துருக்கான். போயி நல்லா விசாரி. பிள்ளையப் பாழுங்கெணத்துல தள்ளிறாத."

மறுநாளே தேனிக்கு பஸ் ஏறினேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே கூப்பிட்டு நேரடியாகக் கேட்டேன். "மாப்ள, ஒமக்கு என்ன சீக்கு? மறைக்காமச் சொல்லும்."

சிரித்தான். "சீக்கெல்லாம் இல்ல மாமா. நான் நம்புற வேதத்துல காபி, டீ, பொயில, சாராயம் எதுவும் கூடாது."

"நம்ம வேதத்துல ஏது அப்பிடி?"

கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அஸ்ஸாமில் அமெரிக்கப் பட்டாளத்தான் ஒருவன் அவனோடு என்ஜின் வேலை பார்த்தானாம். பெரிய உப்பு ஏரி இருக்கிற ஊர்க்காரனாம். மார்மன் என்று ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன். இரண்டு வருஷம் பேசிப் பேசி இவனுக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க இந்தப் பக்கம் அவர்களில் ஆள் கிடையாது. அதனால் இன்னும் நம் சபையில்தான் இருக்கிறான்.

எனக்கு ஆத்திரம். "அவுகளும் ஏசுவத்தான கும்புடுறாக? பெறகு என்ன வித்தியாசம்?"

"கும்புடுறாக மாமா. ஆனா பிதாவுக்கு ஒடம்பு உண்டு. நம்மளாட்டம் சதை, எலும்பு. குமாரனுக்கும் தனியா ஒடம்பு உண்டு. பரிசுத்த ஆவிக்கு மட்டுந்தான் கெடையாது. மூணு பேரும் வேற வேற ஆளு. மனசு மட்டும் ஒண்ணு."

"அப்ப மூணு சாமியா?"

"நாம கும்புடுறது பிதாவத்தான் மாமா. அவரும் ஒரு காலத்துல நம்மள மாதிரி இருந்து வளந்தவரு. நாமளும் அவரு பிள்ளைக. பிள்ள வளந்தா அப்பன் மாதிரி ஆவான்ல? அப்பிடித்தான்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யார் காதிலாவது விழுந்ததா? நல்லவேளை, பக்கத்தில் ஒருவன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு மாமா," என்றான். "முறைப்படி சேத்து வச்சா, புருசன் பொண்டாட்டி உறவு சாவோட முடியாது. மேல போயும் அவுக புருசன் பொண்டாட்டிதான்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. முதலில் சின்னப் பயங்கள். சபை நீக்கம் செய்வார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க மாட்டார்கள். பஜாரில் சிரிப்பார்கள். அப்புறம் பெரிய பயம் வந்தது. என் மனைவி மலைக்காய்ச்சலில் பதினொரு நாள் கிடந்து போனவள். அந்தப் பதினொரு நாளும் நான் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிறவர் என்றைக்கும் இருக்கிறவர். படித்துத் தேறியவர் இல்லை, தப்பு செய்து கற்றுக்கொண்டவர் இல்லை. அவருக்குத் தெரியாதது கிடையாது. அவரும் என்னை மாதிரி ஒரு நாள் தட்டுத்தடுமாறி ஏறி வந்தவர் என்றால்... நான் யாரைப் பிடித்துக்கொள்வது?

நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். பெயர் சொல்லாமல், ஒரு ஆள் இப்படி நம்புகிறான் என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, உங்க இரும்புக் கடையில மண்வெட்டி இருக்கு. கொல்லன் அடிச்சது. மண்வெட்டி வளந்து கொல்லனா ஆகுமா?"

"ஆகாது."

"அம்புட்டுதான். நாம சொல்றது அது. அவரு படைச்சவரு, நாம படைக்கப்பட்டவக. நடுவுல இருக்கிற பள்ளத்த நம்மளால தாண்ட முடியாது. அவருதான் தாண்டி வந்தாரு. குமாரன் மனுசனா வந்தது மெய்தான். ஆனா பிதா மனுசனா இருந்து தேவனா ஆனவரு இல்ல. அவருக்கு ஆரம்பமே கெடையாது. ஒடம்பு கெடையாது. பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேரு, ஆனா தேவன் ஒண்ணு. மூணு தேவன் இல்ல."

"அது எப்பிடி ஐயரே, மூணும் ஒண்ணும்?"

"முழுசா வெளங்குச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக."

"சரி, செத்த பெறகு புருசன் பொண்டாட்டி?"

என் மனைவியை அடக்கம் செய்தவர் அவர்தான். "அங்கன கல்யாண உறவு கெடையாதுன்னுதான் நாம நம்புறோம், அண்ணாச்சி. அவுகளப் பாப்பீக. ஆனா பொண்டாட்டியா இல்ல."

நான் தினமும் கடையைத் திறக்கும்போது அவளிடம் இரண்டு வார்த்தை பேசுகிறவன். வந்துவிடுகிறேன், இரு என்பேன். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். இவர் சொல்வதைக் கேட்டால் காலுக்குக் கீழே தரை இருக்கிறது, அவள் இல்லை. அவன் சொல்வதைக் கேட்டால் அவள் இருக்கிறாள், தரை இல்லை. எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. அதைவிடப் பயம் ஒன்று. எனக்கு அவன் சொன்னது பிடித்திருந்தது.

"ஐயரே," என்றேன், "நான் ஜெபிக்கையில வெள்ளத் தாடியோட ஒரு ஆளு நாக்காலியில ஒக்காந்துருக்காரு. சின்ன வயசுல இருந்து அவருகிட்டத்தான் பேசுறேன். பக்கத்துல ஏசு நிக்காரு. ரெண்டு ஆளு. நான் எந்தச் சபை?"

ஐயர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மனசுல படம் வாரது பலவீனம். அதையே உபதேசமாச் சொல்றது வேற." வாசல் வரை வந்தவர், "அந்த ஆளு யாருன்னு நான் கேக்கல. ஆனா மூணாவது ஓலைக்கு முன்னாடி சபைக்குத் தெரியணும்," என்றார்.

கேட்கவில்லையாம். மூன்றாவது ஓலையாம்!

வீட்டுக்கு வந்து ரூத்திடம் சொன்னேன். என் மகள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை.

"தெரியும்ப்பா. அவுக எனக்கு மொதக் காயிதத்துலயே எழுதிட்டாக."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன, ஆத்தா?"

"அவுக நம்புறத நான் நம்பலப்பா. ஆனா அவுக நெனச்சிருந்தா காபியக் குடிச்சுட்டுப் பேசாம இருந்துருக்கலாம்ல. கல்யாணத்துக்குப் பெறகு சொல்லிருக்கலாம். நீங்க எதுக்குப் பயப்படுறீக? சாமிக்கா, பஜாருக்கா?"

இரண்டுக்கும்தான். அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன். "அவுக கூட்டத்துல பிள்ளைகளுக்கு எட்டு வயசு வரைக்கும் ஞானஸ்நானம் கெடையாதாமே. இந்தக் காய்ச்சக்காட்டுல எத்தன பிள்ளைக எட்டு வயசப் பாக்குது?"

முறம் நின்றது.

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாவமே கெடையாது, அதுனால வேண்டாம்னு அவுக சொல்றாக," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பிறந்த ஒடனே நம்ம ஐயருகிட்டக் கொண்டுபோவேன்னு நான் சொல்லிட்டேன். சரின்னாக."

"பிள்ள உங்கிட்டக் கேக்கும். சாமிக்குக் கை உண்டா, காலு உண்டான்னு. ஒருத்தரு உண்டும்பீக, ஒருத்தரு இல்லம்பீக."

அவளுக்கும் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

இது நடந்த பிறகுதான் இரண்டாவது ஓலை. ஐயர் தடை கேட்டுவிட்டு என் பக்கம் பார்த்தார். எழுந்திருக்க நினைத்தேன். பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினேன். என்னைக் கோழை என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வாயால் சொல்ல முடியாததைப் பேனாவால் சொல்கிறேன். சாலமோனிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க மாமா. நான் ஒளிச்சு வைக்கணும்னு நெனைக்கல. ஐயருகிட்ட நானும் போயிப் பேசிட்டேன்," என்றான். ரூத்திடம் கேட்டேன். "எம் பேரப் போட்டே எழுதுங்க," என்றாள்.

இந்தப் பத்திரிகை போடிக்குச் சனிக்கிழமை வரும். மூன்றாவது ஓலை மறுநாள். ஆகவே சபையாரே, எனக்குத் தெரிந்த தடை இதுதான். சொல்லிவிட்டேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்தது என்று நாளைக்கு ஒருவரும் என் மகளைப் பேசக்கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

ஆட்சேபிக்கிறவர்கள் தாராளமாக எழுந்திருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணை மூடி ஜெபிக்கும்போது உங்களுக்கு என்ன தெரிகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். முகமா, தாடியா, வெறும் இருட்டா? அதைச் சொல்லிவிட்டு என் மருமகனைப் பற்றிச் சொல்லுங்கள்.

நான் முதல் பெஞ்சில் இருப்பேன் — நடுங்கிக்கொண்டுதான்.