ஹவ், நக்கோ

செகந்திராபாத் லோத்குண்டாவில் வீடு, ஹைதராபாத் மாதாப்பூரில் வேலை. கிதியோன் ஒரு பெரிய கம்பெனியில் மற்றவர்களின் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுப்பவர். "சார், சிஸ்டம் ஸ்லோ" என்ற புலம்பலைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், மனைவி பேபிக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அது வேறு கம்ப்யூட்டர். பழசு. விண்டோஸில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, லினக்ஸ் போட்டதும் எழுந்து நடந்தது. அதில் அவர் ஆடுவது ஒரே ஆட்டம்தான், ரயில் ஓட்டுவது. சுடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், புது கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். சிவப்பு விழுந்தால் நிற்கலாம், ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாளெல்லாம் விரட்டப்பட்ட மனிதனுக்கு அது போதாதா?

அந்த ஆட்டம் தமிழில் பேசும்படி ஒரு மாட் செய்தார். மாட் என்றால் ஆட்டத்தின் மேல் நாமாகப் போடும் மாற்றம். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கிடைத்த பொழுதெல்லாம் அதற்கே போயிற்று. யாரும் கேட்காமல், யாரும் விரட்டாமல் அவர் செய்த ஒரே வேலை அது. கை பழகியதும், லினக்ஸ் கேட்கும் கேள்விகளையும் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார். சொந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

மாடை இணையத்தில் ஏற்றியதும் தமிழ்நாட்டிலிருந்து பதில்கள் வந்தன. 'ரயிலை நிறுத்தவா?' என்று ஆட்டம் கேட்குமிடத்தில் ஆமாம், வேண்டாம் என்று இருக்க வேண்டிய பொத்தான்களில் ஹவ், நக்கோ என்று இருந்தது. தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத் குடும்பம். அவர் வீட்டில் தமிழ் என்றால் ஊர் உருது கலந்த அதுதான்.

"இது என்ன பாஷைடா?" என்று ஒருவன். "தமிழ் தெரியாதவன்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வர்றான்?" என்று இன்னொருவன். கிதியோனுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"கைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் பேபி. 'ஏன்' என்பதற்கு அவர்கள் வீட்டில் 'கைக்கு'தான்.

"நாம பேசறது தமிழே இல்லையாம்."

"அப்ப இத்தனை வருஷமா எந்த பாஷையில சண்டை போட்டோம்?"

அவர் சிரிக்கவில்லை. திருத்தவும் தெம்பில்லை. மாடை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரே பிரதி.

"போதும் பேபி. அலுத்துப் போச்சு" என்று அதையும் அழிக்கப் போனார்.

திரையில் கேள்வி வந்தது: 'நிஜமாவே அழிச்சிடவா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஹவ். நக்கோ.

கிதியோனின் கை அப்படியே நின்றது. அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே எரிந்து விழும் பேபி, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"நக்கோ" என்றாள்.

அவர் அதையே அழுத்தினார்.