கை காட்டாத இரண்டு இடங்கள்

பஸ் டிரைவருக்கு முதுகு வலித்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. எங்கள் அய்யா முப்பது வருடம் ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாம்பன் பாலத்துக் காற்றில் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்துப் பிடித்து வந்த வலி என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். புத்தகம் நிறையப் படிக்கிற, பத்திரிகையில் எழுதுகிற மகனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற நன்மை அவ்வளவுதான்: தைலம் கொஞ்சம் நல்ல தைலமாக இருக்கும்.

ஒன்றரை வருடம் தேய்த்த பிறகுதான் வலி டிரைவர் சீட்டிலிருந்து வரவில்லை, புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவியதால் வந்தது என்று தெரிந்தது. ஊசி, மாத்திரை, கீமோ எல்லாம் ஆயிற்று. ஒவ்வொரு மருந்துக்கும் நோய் கொஞ்ச காலம் கட்டுப்பட்டது. பிறகு, வீட்டில் என் பேச்சுக்குக் கிடைக்கிற மரியாதைதான் மருந்துக்கும் கிடைத்தது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, பொறுமையானவர், படம் வரைந்து விளக்கினார். மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். அது உடம்பெல்லாம் சுற்றி, புற்றுச் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைக் கண்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும். மருந்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் கதிரியக்கம் அந்த இடத்தை மட்டும் சுடும்.

நான் இணையத்தில் படித்து வந்த மூன்று கேள்விகளைக் கேட்டேன். என்னுடைய கேள்வியே எனக்குச் சரியாகப் புரியவில்லை. அய்யா படத்தைப் பார்த்துவிட்டு, "அதாவது தாயி, ஸ்டாப்புல கை காட்டுறவனுக்கு மட்டும் வண்டி நிக்கும்" என்றார்.

"கரெக்ட்டுங்கய்யா."

"கை காட்டாதவன்?"

"அதுக்குத்தான் மொதல்ல ஒரு ஸ்கேன். ஊசி போட்டுப் படம் எடுப்போம். நோய் இருக்கிற எடமெல்லாம் பளிச்சுன்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் இந்த ஆய்வுல சேர்க்க முடியும். சேர்ந்த பிறகும், யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சைங்கறத கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். நான்கூடச் சொல்ல முடியாது."

"பூக்கட்டிப் பாக்குறது" என்றார் அய்யா. சாமி முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அரைமணி நேரம் மறுத்துப் பேசத் தயாராக இருந்த விஷயத்தை அவர் இரண்டு சொல்லில் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது, ஒரு மாதிரியாக. பேனாவை எடுத்து ஏழு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தினேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு புள்ளி மாறினாலும் நெறிமுறைக் கமிட்டிக்குப் போகணும்" என்று வேறு படிவம் கொண்டுவந்தார். அய்யாவின் உயிருக்காக நான் செய்த ஒரே காரியம் அந்த ஏழு ஒற்று. அதுவும் குப்பைக்குப் போயிற்று. இதுவும் இல்லையென்றால் அடுத்து என்ன என்று கேட்டேன். வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்.

ஸ்கேன் அன்று காலையில் அம்மா அய்யாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "காளியம்மாகிட்ட வேண்டிருக்கேன். படத்துல ஒரு பொட்டுக்கூடத் தெரியக்கூடாது. தெரியலைன்னா மாவெளக்குப் போடுறேன்னு" என்றாள்.

"அம்மா, தெரியணும்மா. பளிச்சுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து."

"நோய் தெரியணுமா?"

"ஆமா."

"ஒடம்பு பூராம் நோய் பளிச்சுன்னு தெரியணும் தாயேன்னு போயிக் கேக்கச் சொல்றியா? எந்தப் பொண்டாட்டிடா அப்பிடிக் கேப்பா?"

"கேக்க வேணாம். சொன்னதையாவது வாபஸ் வாங்கிரு."

"அது என்ன, உன் பத்திரிகையில எழுதுற கட்டுரையா, அடிச்சு அடிச்சு எழுத?"

அய்யா செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ கேட்டு எனக்கு என்னைக்கு எது நடந்துருக்கு. வாலே, பஸ்ஸு போயிரும்" என்றார்.

நான் சாமியைத் தொந்தரவு செய்து முப்பது வருடம் இருக்கும். பரமக்குடி தாண்டும்போது, தெரியட்டும், நல்லாத் தெரியட்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். யாருக்கு என்று விலாசம் போடவில்லை.

ஊசி போட்டு, ஒரு மணி நேரம் தனி அறையில் உட்காரவைத்து, படம் எடுத்தார்கள். ஊசியில் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு என்பதால் சாயங்காலம் வரைக்கும் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கார் பிடிக்கிறேன் என்றேன். அடுத்தவன் ஓட்டுகிற காரில் ஏற மாட்டேன், பஸ்ஸில் வருகிறேன் என்றார். அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸை என்ன சொல்வார் என்று கேட்கவில்லை. மூன்று பேர் சீட்டில் நாங்கள் இருவர். மானாமதுரையில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அய்யா சட்டென்று எழுந்து நாலைந்து சீட்டு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் எழுந்து போனேன்.

"பெரியவரே, நீங்க உக்காருங்க, எடம் இருக்கே" என்றாள் அவள்.

"இருக்கட்டும் தாயி. முப்பது வருசம் ஒக்காந்தே போயிட்டேன்."

எங்கள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் கண்ணை மூடினார். ஒரு தடவை மட்டும், "இவன் கிளச்ச மிதிக்கவே மாட்டேங்கறான்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்தில் நிற்பதை ஒரு வேலையாகவே செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

நாலு நாள் கழித்து டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதுகெலும்பு, இடுப்பு, விலா எல்லாம் கார்த்திகை அன்றைக்கு வீடு மாதிரி இருந்தன. அய்யாவின் புற்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

பிறகு அவர் பழைய சி.டி. ஸ்கேனைப் பக்கத்தில் வைத்தார். "ஈரல்ல ரெண்டு கட்டி இருக்கு, இங்கயும் இங்கயும். ஆனா நம்ம படத்துல அந்த ரெண்டும் தெரியல. நோய் இருக்கு, அந்தப் புரதம் இல்ல. மருந்து அங்க ஒட்டாது."

"எலும்புல எல்லாம் ஒட்டுமே."

"ஒட்டும். ஈரல்ல இருக்கிறது அதுபாட்டுக்கு வளரும். இப்படி இருக்கிறவங்கள ஆய்வுல சேர்க்கக் கூடாதுன்னு இருக்கு சார்."

"ரெண்டே ரெண்டு இடம்தானே டாக்டர்." கூட்ட பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறவன் குரலில் கேட்டேன்.

"எனக்கும் சேர்த்துக்கணும்னுதான் ஆசை" என்றார். பொய்யில்லை. அவர் முகமும் என் முகம் மாதிரிதான் இருந்தது.

அய்யா, "அப்பப் பூவே கட்டலையா தாயி?" என்றார்.

"இல்லங்கய்யா."

தலையை ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "படத்துல என்னப்பா தெரிஞ்சுச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள். பஸ்ஸில் வரும்போது நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். அதில் ஒன்றைத் தொடங்குவதற்குள் அய்யா, "ஈரல்ல ஒண்ணும் தெரியலையாம்" என்றார்.

"தெரியலையா?"

"ஒரு பொட்டுக்கூட."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்ப் பச்சரிசியை ஊறப் போடும் சத்தம் கேட்டது. நான் மெல்ல, "எதுக்குய்யா இப்பிடி?" என்றேன்.

"ரிப்போட்டுல இருக்கறதத்தான சொன்னேன். நீ படிச்சவன், அதுல பிழை இருந்தாச் சொல்லு."

பிழை இல்லை. அம்மா உள்ளேயிருந்து, "ஏப்பா, கருப்பட்டி வாங்கிட்டு வா" என்று குரல் கொடுத்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்குவது என்று அடுப்படி வாசல் வரை போனேன். அவள் பையை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

தெருமுனைக் கடைக்காரர் கருப்பட்டியை நிறுத்துக்கொண்டே, "என்னண்ணே விசேஷம்?" என்றார்.

"மாவெளக்கு."

"அய்யாவுக்கு ஸ்கேன் எடுத்தீகளே, என்ன வந்துச்சு?"

"ஈரல்ல ஒண்ணும் தெரியலையாம்."

"அப்பாடா" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "வீட்ல ஏலக்கா இருக்கா?"

இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "குடுங்க" என்றேன்.