முதலில் லென்ஸ், பிறகு மை

என் அக்காவின் வலது கருவிழியில் ஒரு கீறல் விழுந்தது. ஜிகினாத் தூசு ஒன்று லென்ஸுக்கும் விழிக்கும் நடுவில் போய் உட்கார்ந்து செய்த வேலை அது. அந்தத் தூசை அங்கே அனுப்பி வைத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறப் போட்டு நிதானமாகச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் வேறு யாரிடமாவது கதை கேட்டுக்கொள்ளட்டும்.

அக்காவுக்கு எட்டு வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறி, பள்ளிக்கூடம் முடிக்கும்போது மைனஸ் எட்டு. சோடாபுட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு அழுகை வரும். அவளால் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ள முடியாது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியே புகை மூட்டம். மாட்டிக்கொண்டால் பென்சில் உள்ளே நுழையாது. நான் தீட்டி விடுவேன். எனக்கு அப்போது பொறுமையும் கிடையாது, கை நிதானமும் கிடையாது. இரண்டு கண்ணும் இரண்டு விதமாக இருக்கும். அவள் அதையும் தெரியாமல்தான் வெளியே போய்வருவாள்.

பிறகு நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். லென்ஸ் பொருத்துவது, போடவும் கழற்றவும் சொல்லித் தருவது என் வேலை. நான் பொருத்திய முதல் லென்ஸ் அக்காவுக்குத்தான். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அன்றைக்குக் கையைக் கழுவித் துடைத்து, லென்ஸ் போட்டு, முகக்கண்ணாடி முன் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கண்ணுக்குத் தானே மை தீட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அதே வருஷம் அவள் ஊரின் பெரிய அழகுசாதனக் கடையில் சேர்ந்தாள். கண் மை, இமைச் சாயம், மஸ்காரா விற்கும் கவுன்ட்டர். பதினான்கு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “லென்ஸ் போடுவீங்களா?” போடுவேன் என்றால் போதும், விற்பனையை ஓரமாக வைத்துவிட்டுப் பாடம் ஆரம்பித்துவிடும். முதலில் லென்ஸ், பிறகு மை. மையை இமைமுடிக்கு வெளியேதான் இழுக்க வேண்டும், உள்விளிம்பில் கூடவே கூடாது. தூளாக உதிரும் சாயத்தை விட்டுக் குழைவானதை எடுங்கள். மஸ்காராவை முடியின் அடியில் போட்டு அப்பாதீர்கள், நுனிக்குப் போதும், மூன்று மாதத்தில் தூக்கி எறியுங்கள். வீட்டுக்குப் போனதும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மையைத் துடைக்க வேண்டும். கண் சிவந்து வருகிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எங்கள் கடை விலாசத்தை எழுதிக் கொடுப்பாள். அந்தச் சீட்டோடு வந்தவர்களால் என் முதலாளி ஒரு மாடியே கட்டியிருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்த மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தாள். முகத்தில் ஒரு விரற்கடைக்கு மாவு பூசியிருப்பாளாம். நான் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவள் பெயர் ‘பவுடர்’தான். வந்த வாரமே ஊழியர் அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினாள். விற்பனைத் தளத்தில் யாரும் மூக்குக்கண்ணாடி அணியக் கூடாது, முகம் எடுப்பாக இருக்காது. அக்கா எப்படியும் லென்ஸ்தான் போடுகிறாள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அதற்கு எனக்கு நானே இரண்டு அறை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு ஜிகினாப் பென்சில் வந்தது. கண்ணின் உள்விளிம்பில் தீட்டினால் நட்சத்திரம்போல் மின்னுமாம். அக்கா தன் வழக்கப்படி, லென்ஸ் போடுகிறவர்களிடம் இது வேண்டாம் என்று சொல்லி, பென்சிலை வாங்கி உள்ளே வைத்தாள். பவுடர் அதைப் பார்த்துவிட்டாள். கம்பெனிக்காரன் சோற்றைத் தின்றுகொண்டு கம்பெனிக்கே குழி பறிக்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாளாம். மறுநாளிலிருந்து கவுன்ட்டரில் நிற்கும் ஒவ்வொருத்தியும் அந்தப் பென்சிலை உள்விளிம்பில் தீட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். காலையில் கடை திறக்கும் முன் வரிசையில் நிற்கவைத்து, ஃபோனில் டார்ச் போட்டு, கீழிமையை இழுத்துப் பார்ப்பாளாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தன் கண்ணுக்கு மட்டும் அதைத் தீட்டிக்கொண்டாள். மைனஸ் எட்டுக்காரி, லென்ஸுக்கு மேலே, நாளைக்குப் பத்து மணி நேரம். அந்த இடத்தை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை என்ற பயம். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பில் சமைக்கிறோம். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்குத் தூக்கம் போதவில்லை என்றாள். லென்ஸ் விற்றுப் பிழைக்கிற நான் அதை நம்பினேன்.

ஏழாம் நாள் காலை அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் விளக்குக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்துவிட்டு, கீறலில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வைக்கே உத்தரவாதம் இல்லை என்றார். சொட்டு மருந்து எழுதினார். குறைந்தது ஒரு மாதம் லென்ஸ் பக்கம் போகக் கூடாது, கண்ணாடிதான். வெளியே வந்ததும் நான் அக்காவைத் திட்டிய திட்டில் காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து அவள் கண்ணாடியோடு வேலைக்குப் போனாள். காகிதத்தைக் காட்டி பவுடர் அவளை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டாள். ஜன்னல் இல்லாத அறை. கால் சரியில்லாத ஒரு ஸ்டூல், உட்கார்ந்தால் ஆடும். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அதுவும் அந்த ஜிகினாப் பென்சில் பெட்டிகள். டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடியும்வரை கூடப் பொறுக்க மாட்டார்களாம், இரண்டு வாரத்தில் லென்ஸோடு வராவிட்டால் கவுன்ட்டருக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். அக்கா இதைச் சொல்லிவிட்டு லென்ஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம், மத்தியானம், என் கடைக்கு ஒருத்தி வந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் இரண்டும் மிளகாய்ப்பழம். கையில் ஒரு துண்டுச் சீட்டு. எழுத்து என் அக்காவுடையது. மார்பில் அந்தக் கடையின் பேட்ஜ், முகத்தில் விரற்கடைக்கு மாவு. அவளும் லென்ஸ் போடுகிறவள், யாருக்கும் தெரியாமல். ஊழியர்களுக்கு முன்மாதிரியாக இருக்க அவளும் தினம் ஜிகினா தீட்டியிருக்கிறாள். சீட்டை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். கடையில் ஒருத்தியின் கவுன்ட்டர் டிராயரில் இருந்து எடுத்தாளாம்.

“அவ எப்பவும் சொல்லிட்டே இருப்பா, உள்ள தீட்டாதீங்கன்னு. நான்தான் காதுல வாங்கல,” என்றாள்.

கையைக் கழுவச் சொன்னேன். லென்ஸைக் கழற்றவைத்தேன். விளக்கில் பார்த்தபோது கீழிமைக்குள் ஜிகினா மின்னிக்கொண்டிருந்தது, நட்சத்திரம்போலத்தான். இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் சொல்லும்வரை கண்ணாடிதான் என்றேன். சொட்டு மருந்து ஏதாவது கொடுங்கள், நாளைக்கு லென்ஸ் போட்டாக வேண்டும் என்று கெஞ்சினாள்.

“கண்ணாடியோட எங்க ஃப்ளோர்ல நிக்க முடியாது, மேடம். ரூல் இருக்கு.”

“யாரு போட்ட ரூல்?”

கையிலிருந்த சீட்டை மடித்தாள், பிரித்தாள்.

“அப்ப ஸ்டோர் ரூமுக்குப் போங்க,” என்றேன். “ஒரு ஸ்டூல் இருக்கு. உக்காந்தா ஆடும். ஒருத்தி ஏற்கெனவே உக்காந்திருக்கா, கொஞ்சம் நகரச் சொல்லுங்க.”

அப்போதுதான் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே குரல். லென்ஸ் இல்லாமல் அவளுக்கு மூக்கு தெரிந்ததோ என்னவோ, குரல் தெரிந்திருக்கும். டாக்டர் விலாசத்தை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போனாள். எனக்குப் பரம திருப்தி. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை ஒன்று விடாமல், பவுடர் மாதிரியே பேசிக் காட்டிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “மைய எப்படித் துடைக்கணும்னு சொன்னியா?” என்று கேட்டாள். கோபத்தில் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. என் வேலையே அதுதான்.

அக்கா கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். அவளுக்கு எதற்கு நீ சொல்ல வேண்டும், அனுபவிக்கட்டும் என்று நான் கத்தினேன். அவள் காதில் வாங்காமல், எண்களை அழுத்தி, யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

“நான்தான் பேசறேன். டாக்டர பாத்தீங்களா? சரி. எண்ணெய் எதுவும் வைக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு, ஈரப் பஞ்சால மேலேர்ந்து கீழ ஒத்தி எடுங்க, தேய்க்கக் கூடாது. அந்தப் பென்சில், மஸ்காரா, லென்ஸ் டப்பா எல்லாத்தையும் குப்பையில போடுங்க.” அந்தப் பக்கம் பவுடர் மன்னிப்புக் கேட்பது எனக்கும் கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டாள். “அதெல்லாம் வேணாம். நாளைக்கு நான் கண்ணாடியோட கவுன்ட்டர்ல நிப்பேன். லென்ஸ் போடுறவங்களுக்கு அந்தப் பென்சில விக்க மாட்டேன். காலையில நான் வர்றதுக்குள்ள செவுத்துல இருக்கிற பேப்பர நீங்களே கிழிச்சுடுங்க. நான் வந்து கிழிச்சா எல்லாரும் பாப்பாங்க.”

முப்பத்தைந்து வருஷமாகக் கூடவே இருக்கிறேன், அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. உயரக்கூட இல்லை. ஃபோனை வைத்துவிட்டு, மீதித் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.